இரண்டரை வயதுக்கு எதற்கு யூனிஃபார்ம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு நம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. விளம்பரம் போடுவது உங்கள் பிழைப்பு, பள்ளி நடத்துவது அவர்கள் பிழைப்பு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன வாரம் வந்த ஒன்றில் ‘ப்ரீகேஜி, இரண்டு வயது முதல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே எழுத்துப் பயிற்சி, கம்ப்யூட்டர் அறிமுகம், தினசரி ஹோம்வொர்க் என்று பெருமையாக அடுக்கியிருந்தார்கள். ஹோம்வொர்க், இரண்டு வயதுக்கு! அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன், இப்போது வீடு, கொஞ்சம் நிலம், மாமனார் மாமியார், இரண்டே முக்கால் வயதில் ஒரு பையன். அவனை இந்த ஜூனில் எங்கேயும் சேர்ப்பதில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணியிருக்கிறோம். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னதும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பெரியம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பணத்துக்கு ஏதாவது கஷ்டமா, சொல்லு, நான் தரேன் என்றார். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. இன்னொருவர், சட்டப்படி போட்டே ஆகணுமாமே, கேஸ் ஆகிடப் போகுது என்றார்.

அந்தச் சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் பயந்துகொண்டுதான் சேர்க்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது பேசுவது 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. மூன்று வயது முடிந்த பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்குத் தயார் செய்ய அரசாங்கம் ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11வது பிரிவு சொல்கிறது, பெற்றோர் சேர்த்தே ஆகவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர 5 வயது முடிந்திருந்தால் போதும், அதற்கு முன்னால் எல்கேஜி யூகேஜி படித்த சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. ஆக இரண்டரை வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் ஒரு போலீசும் வரமாட்டார்.

பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போதுகூட பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 13வது பிரிவு, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். ஒன்றாம் வகுப்புக்கே அப்படி இருக்கும்போது இரண்டரை வயதுக்கு இன்டர்வியூ நடக்கிற கூத்தை என்ன சொல்ல. என் நாத்தனார் மகளைப் போன வருடம் டவுனில் ஒரு பள்ளிக்குக் கூட்டிப் போனார்கள். அட்டையில் ஒரு மாம்பழப் படத்தைக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார் அந்த மிஸ். படத்தில் தோள்பட்டை சிவந்த பழம். இவள் ‘செந்தூரா’ என்றாளாம். எங்கள் தோப்பில் செந்தூரா, பெங்களூரா, நீலம், கொஞ்சம் மல்கோவா என்று கலந்து நிற்கிறது, பேச்சு வந்த நாளில் இருந்து அவள் கேட்பதும் தின்பதும் அதைத்தான். ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது மேங்கோ. குழந்தைக்கு அடிப்படை வார்த்தைகள் தெரியவில்லை, இன்னும் ட்ரெயினிங் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்! அதற்கு ஸ்பெஷல் ஃபீஸ் தனி. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

சரி, வீட்டில் வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்பார்கள். இப்போது சீசன் அவரைக்காய். ராகிக்குள் ஊடுபயிராகப் போட்ட அவரை இந்த மார்கழி, தையில் காய்த்துக் கொட்டுகிறது, நம் பக்கம் எல்லா வீட்டிலும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும்தான். பருப்பை ராத்திரி ஊறவைத்து, காலையில் பாயில் உட்கார்ந்து அத்தை, அதாவது என் மாமியார், இவனுடைய ஆயா, ஒவ்வொன்றாகப் பிதுக்குவார், இவன் எதிரில் உட்கார்ந்துகொள்வான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பக்கமாக அழுத்தினால் தோல் கையில் நின்றுவிடும், பருப்பு வெளியே தெறிக்கும். ஆரம்பத்தில் மொத்தமாக நசுக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் எந்தப் பக்கம் முளை இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று அவனாகவே பிடித்துக்கொண்டான். அது தெறித்து ஆயா மடியில் விழுந்தால் ஒரே கும்மாளம். பருப்பு ஒரு கிண்ணம், தோல் ஒரு கிண்ணம், தோல் மாட்டுக்கு. மாற்றிப் போட்டால் அவனே எடுத்துச் சரியாகப் போடுகிறான். இதையே பிளாஸ்டிக் மணியும் இரண்டு கிண்ணமும் கொடுத்துச் செய்யவைக்க ஒரு பள்ளியில் வருடத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

பென்சில் பிடிக்கவைப்பதில் இருக்கிற அவசரம்தான் எனக்குப் புரியவே இல்லை. மனுஷனுடைய மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் இரண்டோ மூன்றோதான் தெரியும், மற்றதெல்லாம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், கடைசி எலும்பு தெரிய ஒன்பது பத்து வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கையில் நான்கு கோடு நோட்டைக் கொடுத்து வரிக்குள் எழுது, வெளியே போகாதே என்றால் அது எங்கே போகும்? மண் பிசையட்டும், சொம்பில் இருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும், மாட்டுக் கயிற்றைப் பிடித்து இழுக்கட்டும். கையில் பலம் வந்தால் எழுத்து தானாக வரும்.

இது என் சொந்த வியாக்கியானம் என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகமே 2024ல் ‘நவசேத்தனா’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பிறந்தது முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. 36 மாதத்துக்கும் மாதவாரியாக 140 செயல்பாடுகள், எல்லாம் வீட்டில் அம்மாவோ அப்பாவோ தாத்தா பாட்டியோ அங்கன்வாடியிலோ செய்யக்கூடிய விளையாட்டும் பேச்சும்தான். நம் அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே இருக்கிறது, பெயரிலேயே என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அப்புறம் இந்த மாண்டிசோரி போர்டுகள். அந்த அம்மா மரியா மாண்டிசோரி 1939ல் அடையாறுக்கு வந்தவர், யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்குச் செடி கொடி, பூச்சி, மீன் என்று காட்டிக்கொண்டிருந்தவர். அவர் பெயரைப் போர்டில் எழுதிவிட்டு உள்ளே சுவரில் பிளாஸ்டிக் புல் ஒட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில், மழைச்சாரல் படாத பொடி மண்ணில், குழியானைப் பூச்சிகள் இருக்கின்றன. கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி, அடியில் மண்ணுக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும், அது ஏற ஏற அடியில் இருந்து மண்ணை வாரி அடிக்கும், கடைசியில் இழுத்துக்கொள்ளும். பையன் குப்புறப் படுத்துக்கொண்டு மூக்கு மண்ணில் படுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். ராகித் தாள் நுனியால் குழி ஓரத்தை லேசாகத் தொடுவான், மண் தெறித்தால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான், மறுபடியும் தொடுவான். ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்று இவனைத்தான் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் என் மாமனார் ஒன்றைத் தோண்டி உள்ளங்கையில் விட்டார், அது பின்னாலேயே நகர்ந்தது, முன்னால் நடக்க அதற்கு வராது. அன்று முழுக்க இவன் வீட்டுக்குள் பின்பக்கமாகவே நடந்து அண்டாவில் இடித்துக்கொண்டான். அது வளர்ந்து தட்டான் மாதிரி இறக்கை முளைத்துப் பறந்துபோகும் என்று சொன்னதை மட்டும் அவன் இன்னும் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதும் நல்லதுதான், ஒரு நாள் அவனே பார்க்கட்டும்.

பேச்சுக்கும் தனியாக வகுப்பு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அவ்வா தெலுங்கு பேசுவார், அவரிடம் போனால் தெலுங்கு, எங்களிடம் தமிழ், ஓசூர் பக்கத்தில் இருந்து வரும் சித்தப்பாவிடம் இரண்டு வார்த்தை கன்னடம். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணிக்கை, முறுக்கு பங்கு வைப்பதில் வருகிறது. தாத்தாவுக்கு ஒண்ணு, ஆயாவுக்கு ஒண்ணு என்று எல்லாருக்கும் வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் இரண்டு வைத்துக்கொள்கிற அளவுக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் விளையாட்டிலேயே சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது, அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பள்ளியில் சேர்த்தால் பேசிவிடும் என்று சொல்லி ஒரு வருடத்தை வீணாக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் தப்பு.

வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் டிவி முன்னால் உட்காரவைப்பது என்று சிலர் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். அதற்குப் பள்ளியே மேல். உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது இதுதான்: ஒரு வயதுப் பிள்ளைக்கு ஸ்கிரீனே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது, ஆனால் ஓட்டம் ஆட்டம் மட்டும் நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதிக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளியே விளையாடக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்துப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது அவர்களில் 30.4 சதவீதம் பேருக்கு, வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. நம்மிடம் இருக்கிற வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் ஆகாது. கிராமம், தோப்பு, இயற்கை என்று சினிமாப் பாட்டு மாதிரி நினைத்துக்கொண்டு பிள்ளையை அவிழ்த்து விட்டுவிட முடியாது. இப்போது மாமரம் பூத்திருக்கிறது, தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள், அந்த நாட்களில் எங்கள் தோப்பாக இருந்தாலும் பக்கத்துத் தோப்பாக இருந்தாலும் நாங்கள் அந்தத் திசைக்கே போவதில்லை. மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது, தயவு செய்து வேண்டாம். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, சிவப்பாகப் பளபளவென்று இருக்கிற குண்டுமணி, எல்லாம் வேலியோரத்தில்தான் இருக்கிறது, எல்லாம் விஷம், எல்லாம் குழந்தை கண்ணுக்கு அழகு. வறுத்த கடலையை முழுசாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் போய் மாட்டிக்கொள்ளும். பிதுக்குப் பருப்பையும் பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். வெளியே விளையாடிவிட்டுத் தாகம் எடுத்தால் கையில் கிடைத்த போர் தண்ணீரைக் குடிக்கவிடுவதில்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத்தான் பாட்டிலில் எடுத்துப் போகிறேன். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் இருக்கிற ஃப்ளோரைடால் பல்லில் பழுப்புக் கறை ஏறிய எத்தனை பேரைப் பார்க்கிறோம். பின்னால் முளைக்கப் போகிற முன்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருப்பது இந்த வயதில்தான்.

கிணறுதான் பெரிய பயம். எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் நான்கைந்து கிணறுகள், பாதிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தரை மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு, ஓரத்தில் புல் முளைத்து, எங்கே தரை முடிகிறது, எங்கே கிணறு ஆரம்பிக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. 2019 தீபாவளி சமயத்தில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, மூன்று நான்கு நாள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்போது ஊர் ஊராகப் போய்க் கைவிட்ட போர்க்குழிகளை மூடினார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். திறந்த கிணறுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. பஞ்சாயத்துக்கு ஒரு கணக்கு எடுத்து, வீடுகளுக்கும் நடைபாதைக்கும் பக்கத்தில் இருக்கிற கிணறுகளுக்காவது இடுப்பு உயரச் சுவர் கட்டவைக்க வேண்டும், நிலத்துக்காரர் கட்ட முடியாவிட்டால் உதவ வேண்டும். இதைக் கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகவும் கொடுக்கப் போகிறேன், நீங்களும் ஒரு செய்தியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குத் திண்ணை இருக்கிறது, அத்தை இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதக்கூட எனக்கு நேரம் இருந்திருக்காது. ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்தபோது கூட இருந்த பெண்களுக்கு இது எதுவும் கிடையாது. ஒற்றை ரூம், வாடகை, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் ஷிஃப்ட், வெளியே வண்டி ஓடுகிற ரோடு. அவர்களிடம் போய் வீட்டிலேயே வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் பண்ணினால் விளக்குமாற்றைத்தான் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நல்ல அங்கன்வாடி, நாம் இன்னும் பால்வாடி என்று சொல்கிறோமே அதுதான். 1975 அக்டோபர் 2ல் தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டில் இப்போது 54,000க்கு மேல் மையங்கள் இருக்கின்றன, பிள்ளைக்கு மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, காசு கிடையாது. ஆனால் ஏழைப் பிள்ளைகள் போகிற இடம் என்று முத்திரை குத்திவிட்டு, கடன் வாங்கியாவது ப்ரீகேஜியில் போடுகிறார்கள்.

நான் பார்த்த சில மையங்களில் டீச்சர் நல்லவர், பாட்டும் கதையும் உண்டு, ஆனால் பிள்ளைகள் நாள் முழுக்க ஒரு அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். காரணம் கேட்டால், வெளியே விட்டால் ரோட்டுக்கு ஓடிவிடும், வேலி இல்லை, இருப்பது நானும் உதவிக்கு இருக்கிற ஆயாவும்தான், ரெஜிஸ்டர் எழுதுவதா, ஆப்பில் ஏற்றுவதா, பிள்ளை பின்னால் ஓடுவதா என்கிறார். அவர் கேட்பது நியாயம். அதனால் புதுக் கட்டிடம், சுவரில் கார்ட்டூன் என்று செலவு பண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு மையத்துக்கும் கம்பி வேலி, அதற்குள் ஒரு டிராக்டர் மண், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு புங்கமோ வேம்போ வைத்துக் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். காலையில் ஒரு மணி நேரமாவது அந்த மண்ணில் பிள்ளைகளை விடவேண்டும் என்று ஒரு உத்தரவும், அந்த ஒரு மணி நேரம் டீச்சரிடம் யாரும் புள்ளிவிவரம் கேட்கக் கூடாது என்று இன்னொரு உத்தரவும் போட்டால் நன்றாக இருக்கும். எங்கள் ஊர் மையத்தில் இதெல்லாம் வந்துவிட்டால் என் பையனையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே கொண்டுபோய் விடுவேன், விளையாடக் கூட்டாளி வேண்டுமே அவனுக்கு. வேலிக்கு முள்கம்பி மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.